எங்கள் விடுதி அக்கா

(இறம்பொடையில் கூடிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், எங்கள் வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட நினைவுரை)



அக்காவின் பெயரை இந்த உரையில் நாங்கள் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். எங்களுக்கு அவர் எப்போதும் 'விடுதி அக்கா'தான். ஆனால் அவருக்கு வந்த நோயின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்ல வேண்டும் என்பது அவருடைய கட்டளை. அவருக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். நம் தோட்டங்களில் இதை 'அந்த நோய்' என்றுதான் சொல்வார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி. இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமானது இதுதான். அப்படியிருந்தும் அதற்கு நம் வீடுகளில் பெயர் கிடையாது.

நாங்கள் ஆறாம் வகுப்பில் பெட்டியோடு விடுதிக்கு வந்த இரவு மழை. அழுதுகொண்டிருந்த எங்கள் கட்டில்களுக்கு இடையில் ஒரு பிஸ்கட் டின்னுடன் வந்து நின்றார். உள்ளே அவர் அம்மா சுட்டுக் கொடுத்த தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். அவருடைய அம்மா கொழுந்து பறிப்பவர், அப்பா தொழிற்சாலையில் வேலை. மாதம் ஒருமுறை வரும் அந்த டின்னை ஒரே இரவில் எங்களுக்குக் காலியாக்கிவிட்டு, "சரி, இப்ப ஜெபம் பண்ணிட்டுப் படுங்க" என்றார். அவருடைய ஜெபம் நீளமானது. குளிரில் முழந்தாளிட்டு நின்ற எங்களுக்கு அது ஒரு சோதனை என்பதை இன்று அவர் கேட்காத இடத்தில் சொல்லலாம். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர்கள், காய்ச்சலில் கிடக்கும் வாச்சர், கணக்குப் பாடத்தில் தவறிய நாங்கள் என்று ஒருவர் விடாமல் பெயர் சொல்லி வேண்டுவார்.

பிறகு படித்து ஆசிரியையாகி, திருமணமாகி இந்தப் பக்கம் வந்தார். தோட்டப் பாடசாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பாடசாலை, வியாழன் பெண்கள் ஜெபக்கூட்டம், வீட்டில் மூன்று பிள்ளைகள். இவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இருக்கும் பாதிப்பேரின் வாழ்க்கையும் அதுதான்.

2019ஆம் ஆண்டு நடுப்பகுதியில் குளிக்கும்போது கையில் ஒரு சிறு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததால்தான் பயமும் வரவில்லை. இந்தக் கட்டிகள் பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை என்று அப்போது அவருக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. டிசம்பரில் மூத்த மகளுக்கு சாதாரண தரப் பரீட்சை. "வீட்டில் ஒரு அழுகை வந்தால் பிள்ளை எப்படிப் படிக்கும்" என்று கணவருக்குக்கூடச் சொல்லாமல் ஏழு மாதம் வைத்திருந்தார். பரீட்சையின் கடைசித் தாள் முடிந்த அன்று இரவுதான் சொன்னார். அக்காவை எவ்வளவு மதித்தாலும், இதில் அவர் செய்தது பிழை என்று நாங்கள் சொல்ல வேண்டும். அவரே எங்களிடம் சொன்னார்: "அந்த ஏழு மாதமும் நான் ஜெபம் பண்ணினேன். ஆனா ஆண்டவர் எனக்குக் கொடுத்த காலை எடுத்து வைத்து கிளினிக்குக்குப் போகவில்லை."

கண்டி தேசிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. அடுத்து மருந்து ஏற்றத் தொடங்கிய நேரத்தில், 2020 மார்ச்சில், நாட்டில் ஊரடங்கு வந்தது. புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டன. ஒவ்வொரு முறையும் யாருடைய வானைப் பிடிப்பது என்பதே வீட்டில் பெரிய கவலையாக இருந்தது. பிறகு கதிர்ச் சிகிச்சை. வாரத்தில் ஐந்து நாள் வீதம் அதற்குப் போக வேண்டும் என்பதால் கண்டியில் உறவினர் வீட்டில் தங்கினார். இங்கே லயத்துப் பெண்கள் முறைபோட்டுச் சோறு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா மாரியம்மன் கோயிலில் அவர் பேரில் கற்பூரம் கொளுத்தினார். சபையில் சிலர் முகம் சுளித்தார்களாம். அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

சத்திரசிகிச்சையில் கக்கத்து நெறிகளையும் எடுத்தால், சிலருக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கை வீங்கும். அக்காவுக்கு வலது கை வீங்கியது. பாரம் தூக்கக் கூடாது, காயம் படக் கூடாது என்றார்கள். கரும்பலகையில் இடது கையால் எழுதினார். 'அ' கோணலாக வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் எங்களிடம் கேட்டது வேறு: "எனக்குச் சோக்குக் கட்டிதான் பாரம். கூடை சுமக்கிற ஒருத்திக்கு இது வந்தால் அவள் என்ன செய்வாள்?" அந்தக் கேள்விக்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை.

சுகமாகியிருந்த அந்த இடைக்காலத்தில்தான் ஜெபக்கூட்டத்தில் அவர் கத்தரின் பூத் அம்மையாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கணவர் வில்லியம் பூத்தோடு சேர்ந்து இரட்சணிய சேனையைத் தொடங்கியவர் அவர். அந்தச் சேனை 1883இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. எட்டுப் பிள்ளைகளின் தாய், பெண்கள் மேடை ஏறாத காலத்தில் பிரசங்கம் செய்தவர். 1888 பெப்ரவரியில் லண்டனில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னார், உடனே சத்திரசிகிச்சை செய்யச் சொன்னார். அவர் இணங்கவில்லை. அதற்குப் பிறகும் பேசினார், எழுதினார். 1890 ஒக்டோபர் 4ஆம் திகதி காலமானார்.

கதை இந்த இடத்துக்கு வந்ததும் அக்கா நிறுத்துவாராம். "இவ்வளவு தூரம் நான் இந்த அம்மையாருக்குப் பின்னால் போவேன். சத்திரசிகிச்சை வேண்டாம் என்ற இடத்தில் போக மாட்டேன். எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்ததே 1895இல், அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து. அவருக்கு இல்லாதது நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதை வேண்டாம் என்பது விசுவாசம் இல்லை." உபதேசியார் இருக்கும்போதே இப்படிச் சொன்னார் என்று கேள்விப்பட்டு நாங்கள் ஆச்சரியப்படவில்லை. விடுதிக் காப்பாளரிடமே எதிர்த்துப் பேசியவர்தானே.

அதன்பின் அவருடைய வியாழக்கிழமைகள் மாறின. ஜெபம் முடிந்ததும் ஒரு கொப்பியை எடுப்பார். சுகவனிதையர் கிளினிக் இந்த நாட்டில் 1996 முதல் நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் மார்பையும் கருப்பைக் கழுத்தையும் பரிசோதிக்கிறார்கள், காசு இல்லை. 35 வயதானதும் போக வேண்டும். ஆனால் ஒரு நாள் போனால் ஒரு நாள் பேர் போகும், பேர் போனால் சம்பளம் போகும். வெட்கம் வேறு. அக்கா மருத்துவமாதுவிடம் கிளினிக் நாளைக் கேட்டு வந்து, நாலைந்து பேராகச் சேர்த்து, தானே முன்னால் நடந்து கூட்டிப்போனார். போனவர்களின் பெயருக்கு நேரே சரி போட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2017 முதல் பாடசாலையிலேயே போடும் எச்.பி.வி. தடுப்பூசிக்கு ஒப்பமிடத் தயங்கிய தாய்மாரின் வீடுகளுக்கும் போனார்.

2022இல் நோய் திரும்பியது, இம்முறை எலும்பில். எரிபொருள் வரிசைகளும் மருந்துத் தட்டுப்பாடும் நிறைந்த அந்த வருஷத்தை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டாம். அவர் கணவர் இரண்டு நாள் வரிசையில் நின்று எண்ணெய் வாங்கி, மூன்றாம் நாள் மனைவியைக் கண்டிக்குக் கொண்டுபோனார். அக்கா பயப்படவில்லை என்று சொன்னால் பொய். இரவில் பயமாக இருக்கிறது, சின்னவனுக்குப் பத்து வயதுதானே என்று தொலைபேசியில் அழுதார். அழுது முடித்து, "சரி, ஜெபம் பண்ணுவோம்" என்றார். நாங்கள் டொரன்டோவிலும் வத்தளையிலும் அட்டனிலுமாக இருந்து தொலைபேசியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினோம். அப்போதும் நீளமான ஜெபம்தான். யாரும் அவசரப்படவில்லை.

2023இல் நாங்கள் ஐந்து பேர் கடைசியாக இங்கே வந்து பார்த்தோம். சுரங்கப்பாதையைத் தாண்டும்போதே ஒருவரும் பேசவில்லை. அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். தேநீர் குடித்தோமா என்று கேட்டார், பிள்ளைகளை ஒவ்வொருவராக விசாரித்தார். பிறகு மகளிடம் அந்தக் கொப்பியை எடுத்துவரச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் எங்கள் வகுப்பில் அவருக்குத் தெரிந்த எல்லோருடைய பெயரும் இருந்தது. இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. ஒவ்வொருவராகக் கேட்டார், போனவர்களுக்குச் சரி போட்டார். அன்று வந்த ஐந்து பேரில் இருவர் போயிருக்கவில்லை. பொய் சொல்லலாமா என்று ஒருத்தி யோசித்தாள், சொல்லவில்லை.

அந்த இருவரும் பிறகு போய்விட்டார்கள். கொப்பி இப்போது மகளிடம் இருக்கிறது. இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கொண்டு அவள் உங்கள் மேசைகளுக்கு வருவாள்.