ஆண்டாள் கண்ட வெள்ளியும் வியாழனும்

மார்கழி விடியலில் ஓதப்படும் திருப்பாவையின் 30 பாசுரங்களுள் பதின்மூன்றாவதில், உறங்கும் தோழியை எழுப்ப வந்த பெண்கள், வெள்ளி கீழ்வானில் தோன்றியதையும் வியாழன் மேல்வானில் மறைந்ததையும் பொழுது விடிந்ததற்குச் சான்றாகக் கூறுகின்றனர். விடியலைக் குறிக்க வெள்ளி ஒன்றே போதுமாயிருக்க, வியாழனையும் ஆண்டாள் ஏன் உடன் சேர்த்தார் என்னும் வினா ஆராய்ச்சியாளர் சிலரை வான நூலின் பக்கம் அழைத்துச் சென்றது.

வெள்ளி, அதாவது சுக்கிரன், சூரியனைவிட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகித் தோன்றுவதில்லை. ஆதலால் அது சில மாதங்கள் விடியலிலும் சில மாதங்கள் அந்தியிலும் மட்டுமே காட்சி தருகிறது. வியாழனோ ஓர் இராசிக்கு ஏறத்தாழ ஓராண்டாக வானைச் சுற்றிவர 12 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே மார்கழியில், அதுவும் முதற் பாசுரம் குறிக்கும் முழுநிலவு நாளில், ஒன்று எழ மற்றொன்று மறைவது எல்லா ஆண்டும் வாய்ப்பதன்று. இதனைக் கணிதத்தோடு பொருத்திய மு. இராகவையங்கார், ஆண்டாளின் காலத்தைக் காட்டும் நாளாகக் கி.பி. 731 டிசம்பர் 18ஐக் கொண்டார். பாட்டின் ஓரடியைக் கல்வெட்டுப்போல் நம்பி ஆராய்ந்த அரிய முயற்சி அது.

எனினும் அதனை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. முதற் பாசுரத்து நிலவும் பதின்மூன்றாம் பாசுரத்து வெள்ளியும் ஒரே நாளுக்குரியவை என்பது கணக்கிடுவோர் கொண்ட அடிப்படையே அன்றிப் பாட்டு அவ்வாறு கூறவில்லை. எழுதலும் மறைதலும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன என்று கொண்டாலன்றிப் பொருந்தும் ஆண்டுகள் சிலவாகச் சுருங்கா. வியாழன் சற்று முன்னரே மறைந்திருக்கலாம் எனக் கொண்டாலோ ஒரு நூற்றாண்டிலேயே பல மார்கழிகள் பொருந்திவிடும்.

இந்த அடியை அதன் சூழலில் வைத்துப் பார்ப்பதே தக்கது. ஆறாம் பாசுரத்தில் பறவைகள் ஒலிக்கின்றன. ஏழாவதில் ஆய்ச்சியர் தயிர் கடையும் ஓசை எழுகிறது. எட்டாவதில் கீழ்வானம் வெளுக்க, எருமைகள் பனிப்புல் மேயப் பரவுகின்றன. இவையனைத்தும் கடிகாரமில்லாத ஊரில் வைகறையில் எழுவோர் நாள்தோறும் கேட்டும் கண்டும் அறிந்தவை. விடியலில் மேற்கே மறையும் வியாழன், முந்தைய மாலையில் கிழக்கே தோன்றி இரவு முழுவதும் வானில் நின்ற கோள். சூரியனுக்கு ஏறக்குறைய நேரெதிரே நிற்கும் அக்காலத்தில்தான் அதன் ஒளியும் மிகுந்திருக்கும். வெள்ளியின் எழுச்சி பகலின் வரவை மட்டுமே சொல்ல, இரவு கழிந்துவிட்டதைச் சொல்ல ஆண்டாளுக்கு வியாழனும் வேண்டியிருந்தது.