காடியின் அப்சோர்பரும் நம் உயிரும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



1985-ல் புரோட்டோன் சாகாவும் 1994-ல் கஞ்சிலும் வந்தன. அவற்றைப் பழைய விலைக்கு வாங்கி ஓட்டியவர்கள் நம்மில் பலர். தோட்டத்துச் செம்மண் பாதையின் குழிகள் கடுமையாகத் தேய்ப்பது அப்சோர்பரைத்தான்.

காடியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். அது துள்ளிக்கொண்டே இராமல் அடக்குவது அப்சோர்பர். உள்ளேயிருக்கும் எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே நெருங்கிப் பாயும்போது துள்ளலின் வேகம் சூடாக மாறி அடங்குகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் சக்கரம் தரையில் படிந்து ஓடாது. தரையில் படியாத டயருக்கு பிரேக் பிடித்து என்ன பயன்?

அறிகுறிகளைக் கேளுங்கள். அப்சோர்பர்மீது எண்ணெய் ஈரம். டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்தல். பிரேக் பிடித்தால் மூக்கு குப்புறச் சாய்தல். காடியின் ஒரு மூலையை அழுத்திவிட்டால் ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். ஆடிக்கொண்டேயிருந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஆடாமல் நின்றாலும் மற்ற அறிகுறிகளைப் பாருங்கள்.

ஒரு பட்டறையில் என் காடிக்கு இடப்பக்கம் மட்டும் மாற்றினார்கள். வலப்பக்கம் போதும் என்றார்கள். மழையில் ஒரு வளைவில் வண்டி வழுக்கியபோது பின்னால் என் பிள்ளைகள் இருந்தார்கள். தப்பினோம். அன்று கற்றேன்: ஒரே அச்சின் இருபக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

முன்பக்கத்தை வீட்டில் கழற்றாதீர்கள். இந்தக் காடிகளில் அங்கே ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையில் அப்சோர்பரோடு பூட்டப்பட்டிருக்கிறது. தகுந்த கருவியால் அதை இறுக்கிப் பிடிக்காமல் மேல் நட்டைத் திறந்தால் தெறித்து ஆளைக் கொல்லும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையவும் வேண்டாம். மாற்றியபின் சக்கர நேர்ப்பாட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மேலே பூட்டும் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பால்மரம் வெட்டும் நமக்கு ரப்பரின் அருமையைச் சொல்லவா வேண்டும்?

கடைசியாக ஒன்று. நம்மை வேலைக்காட்டுக்கு ஏற்றிச் செல்லும் வண்டியையும் இதே கண்ணால் பாருங்கள். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. குறை கண்டால் எழுத்தில் கொடுங்கள்; நகலைக் கிளைச் செயலாளரிடம் சேருங்கள். தனியாகக் கேட்டால் முணுமுணுப்பு. சேர்ந்து கேட்டால் கோரிக்கை.