டாக்டர் சீட்டும் லேப் கமிஷனும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காய்ச்சலென்று டாக்டரிடம் போகிறோம். நாலு பரிசோதனை எழுதி, "இந்த லேபில்தான் எடுக்க வேண்டும்" என்கிறார். வேறிடத்து ரிப்போர்ட் கொண்டுபோனால் முகம் சுளிக்கிறார். அந்த லேபில் அவருக்குப் பங்கு, அல்லது கமிஷன் என்பது பிற்பாடுதான் தெரிகிறது. வங்காளம் சரளமாக வராத நாம் எதிர்த்துக் கேட்பதில்லை. வாரக்கூலி கரைகிறது, ஊருக்கு அனுப்ப வைத்த பணமும் போகிறது.

நேர்மையான டாக்டர்கள் பலர் இருக்கிறார்கள். சீட்டு எழுதும் கைக்கே அந்தச் சீட்டால் லாபம் வரும் ஏற்பாட்டைத்தான் கண்டிக்கிறோம். 2017-இல் பெங்களூரில் சில பரிசோதனை நிலையங்களைச் சோதனையிட்ட வருமான வரித்துறை, டாக்டர்களுக்கு எம்.ஆர்.ஐ.யில் 35 சதவீதமும், சி.டி. ஸ்கேனிலும் லேப் பரிசோதனையிலும் 20 சதவீதமும் கமிஷன் போனதாக அறிவித்தது. அந்தப் பணம் யாருடையது? நோயாளியுடையது!

விதி இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், நோயாளியை அனுப்பக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடுக்கின்றன. ரத்தம், சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்புவதற்கும் அதே தடை. ஆனால் தமக்கே பங்குள்ள லேபுக்கு அனுப்புவதைத் தடுக்க நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது.

அமெரிக்காவில் 1989-இல், பீட் ஸ்டார்க் என்ற மக்கள் சபை உறுப்பினரின் முயற்சியால் அத்தகைய சட்டம் வந்தது. முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் முதலில் லேபுக்கும், 1993-இல் ஸ்கேன் முதலியவற்றுக்கும் தடை விதித்தார்கள். விதிவிலக்குகள் ஏராளம். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே பணம் கொடுப்பது அரசு, தன் கஜானாவைக் காக்கச் சட்டம் செய்தது. இங்கே பணம் கொடுப்பது நம் மடி. அதைக் காப்பது யார்?

நாம்தான், தோழர்களே! மேற்கு வங்கத்தின் 2017-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனச் சட்டப்படி, தனியார் நிலையங்கள் கட்டணத்தை எழுதி வைக்க வேண்டும். பில் முறைகேட்டை அச்சட்டப்படி அமைந்த ஆணையத்திடமும், டாக்டரின் நடத்தையை மாநில மருத்துவக் கவுன்சிலிடமும் புகார் செய்யலாம். "இந்தப் பரிசோதனை எதற்கு?" என்று கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் மாணிக்தலா, ஜோக்கா மருத்துவமனைகளை மறக்காதீர்கள். புகாரை வங்காளத்தில் எழுதித்தரச் சங்கத்தில் ஆள் உண்டு.

தனியாகக் கேட்டால் அதட்டுவார்கள். சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டும். பங்குள்ள லேபுக்கு அனுப்பத் தடை வேண்டும் என்ற கோரிக்கையில் அனைவரும் கையெழுத்திடுங்கள்!