ஓடுபாதை ஏன் இவ்வளவு நீளம்? கணக்கைக் கேட்போம்!

(நில எடுப்பை எதிர்த்த உண்ணாவிரதப் பந்தலில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஓடுபாதையை நீட்டணும், நிலத்தைக் கொடுங்க" என்கிறார்கள். "ஏங்க நீட்டணும்?" என்று கேட்டால், "பெரிய விமானம் வரணும்ல" என்று ஒரே பதில். இதை நாம் அப்படியே நம்பவும் வேண்டாம். மொத்தமும் பொய் என்று தள்ளவும் வேண்டாம். கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டுக் கேட்போம்.

விமானத்தை மேலே தூக்குவது இறக்கையில் மோதும் காற்று. காற்று மெலிந்து போனால், தூக்குவதற்கு இன்னும் வேகம் வேண்டும். வேகம் பிடிக்க இன்னும் தூரம் ஓடணும். பாரம் கூடினாலும் இதே கதைதான். ஓடும்போது என்ஜின் கோளாறு என்றால், பிரேக் போட்டு நிற்கவும் இடம் மிஞ்சணும்.

மேட்டு நிலத்தில் காற்று மெலிவு. அமெரிக்காவின் டென்வர் நகர விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 1,655 மீட்டரில் இருக்கு. அதனால் 2003-ல் அங்கே 4,877 மீட்டரில் ஓடுபாதை போட்டார்கள். வெயிலிலும் காற்று மெலியும். கத்தார் நாட்டின் தோஹா கடற்கரை ஊர்தான், ஆனால் அனல் பறக்கும். டேங்க் நிறைய எரிபொருளோடு தூர தேசம் போகும் பெரிய விமானங்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. அங்கே ஒரு ஓடுபாதை 4,850 மீட்டர்.

இதற்கு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பே ஒரு கணக்கு வைத்திருக்கு. 300 மீட்டர் உயரத்துக்கு 7 சதவீதம் நீளம் கூட்டு. அந்த உயரத்துக்குரிய நிலையான வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீதம் கூட்டு. ஒரு விமானத்துக்கு அடிப்படை நீளம் 2,500 மீட்டர் என்று வைப்போம். ஊர் 300 மீட்டர் உயரம். 7 சதவீதம் சேர்த்தால் 2,675. அந்த உயரத்துக்கு நிலையான வெப்பம் 13 டிகிரி. நம்ம கோடை 38. வித்தியாசம் 25 டிகிரி. 25 சதவீதம் சேர்த்தால் சுமார் 3,344 மீட்டர். ஆக, வெயில் காரணம் உண்மைதான். ஆனால் அந்த 2,500 எந்த விமானத்துக்கு? அங்கேதான் நம்ம கேள்வி.

மதுரை ஓடுபாதை 2,285 மீட்டர்தான். அதிலிருந்தே துபாய்க்கும் கொழும்புக்கும் விமானம் போயிருக்கு. சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர்.

இன்னொரு கதை கேளுங்க. தென்னாப்பிரிக்காவில் அபிங்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 4,900 மீட்டர் ஓடுபாதை! நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் வானத்தில் தென்னாப்பிரிக்க விமானத்தைப் பறக்க விடவில்லை. சுற்றிக்கொண்டு ஐரோப்பா போகணும். முழு டேங்கோடு ஜம்போ விமானம் கிளம்பணும். அதற்காகப் போட்டது. 1994-ல் நிறவெறி ஆட்சி ஒழிந்தது. பாதை மட்டும் அப்படியே நீண்டு கிடக்கு. தேவை போனாலும் போட்ட கான்கிரீட் மறுபடி வயலாகாது, மக்களே!

நிலக் கணக்குக்கு வருவோம். ஓடுபாதைக்கு நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 140 மீட்டர் காலியாக விடணும் என்பது உலக விதி. அப்படியானால் 1,000 மீட்டர் நீட்ட 280 மீட்டர் அகலம். ஏறக்குறைய 70 ஏக்கர். முனையில் பாதுகாப்பு இடம், விளக்குக் கம்பம், இணைப்புப் பாதை எல்லாம் தனி, ஒத்துக்கிறோம். ஆனால் நூற்றுக்கணக்கில் ஏக்கர் கேட்டால், மிச்சம் எதற்கு என்று ஏக்கர் வாரியாகச் சொல்லணுமா இல்லையா?

ஆகவே நாம் எழுத்தில் கேட்கிறோம்:

1. எந்த விமானத்துக்கு இந்த நீளம்? எந்த ஊருக்கு, எவ்வளவு பாரத்தோடு?
2. என்ன வெப்பநிலை வைத்துக் கணக்குப் போட்டீர்கள்?
3. ஓடுபாதைக்கு எத்தனை ஏக்கர், மற்றதுக்கு எத்தனை ஏக்கர்?
4. ஏரி, வாய்க்கால், பாசனக் கிணறுகள் என்னாகும்?

2013 நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு உண்டு. தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்கச் சட்டத்தில் எடுத்தால் அந்த ஆய்வு கிடையாது. அதனால் நோட்டீஸ் வந்ததும் எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்க. கெடு முடியுமுன் ஆட்சேபணை மனு கொடுங்க, கையெழுத்தோடு ரசீது வாங்குங்க. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போட்டால் 30 நாளில் பதில் தரணும்.

விமானம் பறக்கட்டும், நாம் தடுக்கவில்லை. தூக்குகிற காற்றுக்குக் கணக்கு வைத்திருப்பவர்கள், சோறு போடுகிற மண்ணுக்கும் கணக்குச் சொல்லட்டும்!

கணக்கு வரும்வரை கையெழுத்து இல்லை!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!