கத்தியைக் குறை கூறுமுன் மரத்தைச் சோதியுங்கள்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால் குறைந்துவிட்டால் தோட்டத்தில் முதலில் எழும் சொல் எது? "வெட்டுச் சரியில்லை" என்பதே. பட்டையில் கறுப்புக் கோடு விழுந்தாலும் வெட்டுச் சரியில்லை. பட்டை வறண்டாலும் வெட்டுச் சரியில்லை! பழி முழுவதும் தொழிலாளியின் கத்தி மேல் விழுகிறது. இது நியாயமா என்று கேட்கவே வந்திருக்கிறோம்.

மழைக்காலத்தில் வெட்டுப் பட்டையைத் தாக்கும் பூசண நோய்கள் இரண்டை நாம் அறிவோம். வெட்டுக்கு மேலே நெடுக்காகக் குழிந்த கறுத்த கோடுகள் விழுவது ஒன்று. வெட்டை ஒட்டிச் சாம்பல் நிறப் பூசணம் படர்வது மற்றொன்று. இரண்டாவது நோய் கத்தியின் வழியாகவும் அடுத்த மரத்துக்குப் பரவும். ஆகவே கத்தியை மருந்தில் நனைத்து வெட்ட வேண்டும். அந்த மருந்தைக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

பட்டை வறட்சியோ வேறு வகை. அதற்கு ஒரு பூசணம்தான் காரணம் என்று இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை. வெட்டு அடிக்கடி நடந்தாலும், பால் ஊக்கி மருந்து அளவு மீறினாலும் வறட்சி மிகுகிறது. அந்த மரத்துக்கு வேண்டியது ஓய்வு. வெட்டுத் தவணையையும் ஊக்கி மருந்தையும் தீர்மானிப்பவர் யார்? தொழிலாளியா? சிந்தியுங்கள்!

வேர் நோயும் அப்படியே. வெள்ளை, சிவப்பு, பழுப்பு என மூவகை உண்டு. மேலே இலை மஞ்சளித்து மரம் நலிவது மூன்றிலும் ஒன்றுபோலவே தோன்றும். வேரைத் தோண்டிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நிபுணர்களுக்கே கடினம். 2016-ல் இந்தோனேசியாவிலும் 2017-ல் மலேசியாவிலும் தோன்றிய இலையுதிர் நோயை முதலில் வேறொரு பூசணத்தின் வேலை என்று எண்ணினார்கள். சோதனைக்குப் பின்னரே பெஸ்டலோடியோப்சிஸ் என்னும் பூசணம் அடையாளம் காணப்பட்டது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இந்நாட்டில் 1925-லேயே நிறுவப்பட்டது. 1998-ல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது. இத்தனை கால அறிவு இருக்க, ஊகத்தால் ஒருவரைத் தண்டிப்பானேன்?

சோதனைக்கு அனுப்பும் முறையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். முற்றிலும் அழுகிய துண்டு பயன்படாது. அதில் பிற பூசணங்கள் குடியேறியிருக்கும். நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் சந்திக்கும் ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். மருந்து பூசுமுன் எடுக்க வேண்டும். இலையைச் செய்தித்தாளின் நடுவே வைக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டக்கூடாது. வெயிலில் போடவும் கூடாது. தாமதமின்றி அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பூசணத்தை வளர்த்துப் பார்க்கச் சில நாட்கள் பிடிக்கும்; பொறுத்திருக்க வேண்டும்.

தோழர்களே, நீங்களாகவே பட்டையை நோண்டாதீர்கள். அதுவே உங்கள் மேல் குற்றமாகிவிடும். நோயைக் கண்ட மறுநாள் காலைப் பிரட்டிலேயே மண்டோரிடம் சொல்லுங்கள். கிளைச் செயலாளரிடமும் சொல்லுங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. காட்டு எண், நட்ட ஆண்டு, மர இனம், வெட்டுத் தவணை, போட்ட மருந்து, நோய் முதலில் தெரிந்த நாள், பாதித்த மரங்களின் தொகை ஆகியவற்றை எழுதி மாதிரியோடு இணையுங்கள். நகல் ஒன்றை வைத்திருங்கள். செக்ரோல் எழுதும் நம் கை ஒரு தொழிலாளியின் கூலியைக் காக்கவும் வல்லது.

நாம் கேட்பவை மூன்று: சோதனை முடிவு வருமுன் எவர்மீதும் நடவடிக்கை கூடாது, முடிவைத் தொழிலாளிக்கும் தமிழில் படித்துக் காட்ட வேண்டும், நோயுற்ற நிரையை வெட்டுபவருக்குப் பால் குறைவால் கூலி குறையாதிருக்க வழி செய்ய வேண்டும்.

மரம் வாழ்ந்தால் தோட்டம் வாழும். தோட்டத்தை வாழவைப்பவன் பழி சுமக்கலாகாது. ஒன்றுபட்டுக் கேட்போம்!