காற்றா, கட்டி ரப்பரா?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு சைக்கிள் டயரைப் பற்றியது என் பேச்சு. "இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று நீங்கள் நினைக்கலாம். சென்ற ஆண்டு வரையில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பு ஒரு டயரைப் பொறுத்து நின்றபோதுதான் அதைப் பற்றிச் சிந்திக்கலானேன்.

என் தங்கை விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்கிறாள். அவள் மகள் அங்கிருந்து 9 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்லூரியில் படிக்கிறாள். காலையில் பஸ் உண்டு. மாலையில் ஆய்வுக்கூட வகுப்பு முடிந்து வெளியே வரும் வேளையில் பஸ் இல்லை. ஆகவே கடன் வாங்கி, அவளுக்கு மின்சார சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். 250 வாட் மோட்டார். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் ஓடாது. ஆகையால் உரிமமும் பதிவும் வேண்டுவதில்லை. மோட்டார் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே பொருந்தியிருக்கிறது. வண்டியின் எடை 25 கிலோ.

அந்தச் சாலையின் இருமருங்கிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மெக்சிகோவையும் தென் அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட அம்மரத்தின் முள்ளை, நம் தென்மாவட்டத்துச் சைக்கிள்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். விறகு ஏற்றிச் செல்லும் வண்டிகளிலிருந்து முள் உதிர்ந்துகொண்டே போகும். ஐப்பசி மாதம் ஒன்றில் மட்டும் மூன்று முறை அவள் வண்டியின் பின்சக்கரம் பஞ்சராயிற்று. மூன்றாம் முறை பொழுது சாய்ந்துவிட்டது. 25 கிலோ வண்டியை 4 கிலோமீட்டர் தூரம் இருட்டில் தள்ளிக்கொண்டே நடந்து, இரவு எட்டரை மணிக்கு வீடு சேர்ந்தாள். மறுநாள் அவள் தந்தை, "போதும், இந்தப் படிப்பு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அச்சம் அவரை அவ்வாறு பேச வைத்தது.

அன்று மாலையே அவள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, காற்றே வேண்டாத டயர் விற்கிறார்களாம். அதைப் போட்டால் பஞ்சரே ஆகாதாம். அப்பாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றாள். பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். சொல்வதற்கு முன் தெரிந்துகொள்வோம் என்று ஊருக்குப் புறப்பட்டேன்.

காற்றில்லா டயர் புதுமையானது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதுதான் பழமையானது. 1860-ஆம் ஆண்டுகளில் மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டிச் சைக்கிள் ஓட்டினார்கள்; எலும்பைக் குலுக்கும் வண்டி என்றே அதற்குப் பெயர். பின்னர் கட்டி ரப்பர் வந்தது. ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த டயருக்கு 1845-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் உலகம் அதை மறந்துவிட்டது. 1887-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டறிந்தார். காற்றடைத்த ரப்பர்க் குழாயை ஒரு மரத்தட்டின்மேல் சுற்றி, அதையும் மகன் வண்டியின் பழைய சக்கரத்தையும் தம் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் வழியிலேயே ஓய்ந்துவிட்டது. காற்றுச் சக்கரமோ எதிர்முனைவரை ஓடி, வாயிற்கதவின் தூணில் மோதித் திரும்பியது. 1889-இல் பெல்பாஸ்டில் நடந்த சைக்கிள் பந்தயங்களில் காற்று டயர் பூட்டியவரே வென்றார். கட்டி ரப்பரைக் கைவிட்டு உலகம் காற்றுக்கு மாறிய கதை இதுதான்.

காற்றுக்கு இந்த வலிமை எங்கிருந்து வந்தது? ஒரு ரப்பர்ப் பந்தைக் கீழே விடுங்கள். விட்ட உயரத்துக்கு அது திரும்பி வருவதில்லை. நசுங்கும்போது வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியை ரப்பர் வெப்பமாக இழந்துவிடுகிறது. சக்கரம் உருளும்போதும், தரையைத் தொடும் பகுதி நசுங்கி மீள்கிறது; ஒவ்வொரு சுற்றிலும் இந்த இழப்பு உண்டு. காற்று டயரில் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் காற்றே; அது வாங்கியதை ஏறக்குறைய முழுவதும் திருப்பித் தந்துவிடுகிறது. மெல்லிய ரப்பர்த் தோல் மட்டுமே சிறிது இழக்கிறது. காற்றில்லா டயரிலோ ரப்பர் அல்லது நுரைப்பொருள் தானே முழுப் பாரத்தையும் சுமந்து நசுங்க வேண்டியிருக்கிறது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். வண்டியும் பெண்ணும் புத்தகப் பையும் சேர்ந்து 80 கிலோ. அதாவது சுமார் 800 நியூட்டன் பாரம். காற்று டயரில் உருளுவதற்கு எழும் தடை பாரத்தின் நூற்றில் 1 பங்கு என்றும், காற்றில்லா டயரில் நூற்றில் 2 பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். வேறுபாடு 8 நியூட்டன். போகவர 18 கிலோமீட்டருக்கு இது 1,44,000 ஜூல், அதாவது 40 வாட் மணி. அவள் வண்டியின் பாட்டரி 360 வாட் மணி கொண்டது. ஆக, நாள்தோறும் பாட்டரியின் ஒன்பதில் ஒரு பங்கு டயரைச் சூடேற்றவே செலவாகிவிடும். மோட்டாரில் ஏற்படும் இழப்பையும் கூட்டினால் இன்னும் அதிகம்.

கணக்கோடு நிற்காமல், காற்றில்லா டயர் பூட்டிய ஒரு நண்பரின் வண்டியை இரவல் வாங்கி, அதே சாலையில் இரண்டு நாள் ஓட்டினேன். நல்லதை முதலில் சொல்ல வேண்டும். முள்ளைப் பற்றிய கவலையே இல்லை. மாலையில் டயரிலிருந்து மூன்று முள்ளைக் குறடால் பிடுங்கிப் போட்டேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூன்றாவது கிலோமீட்டரிலேயே உள்ளங்கை மரத்துப் போயிற்று. மழையில் நனைந்த சிறு பாலத்தின்மேல் பிரேக்கைப் பிடித்தபோது பின்சக்கரம் வழுக்கியது, விழாமல் தப்பினேன். நண்பரின் பின்சக்கரத்தில் இரண்டு ஸ்போக்ஸ் கம்பிகள் அதற்கு முன்பே அறுந்து மாற்றப்பட்டிருந்தன. அதில் வியப்பில்லை. பள்ளத்தின் அடியை ஏற்கக் காற்று இல்லாதபோது, கம்பியும் ரிம்மும் ஓட்டுபவரின் முதுகெலும்புமே அதை ஏற்க வேண்டியிருக்கிறது. சக்கரத்துக்குள் மோட்டாரும் இருந்தால் அடி இன்னும் பலமாக விழும்.

அப்படியானால் அந்தப் பெண்ணின் படிப்பு என்ன ஆவது? ஊர்முனைச் சைக்கிள் கடைக்காரரிடம் வண்டியை எடுத்துச் சென்றோம். டவுன் கடையில் ஒட்டுப் போட்ட டியூபை அவர் வெளியே எடுத்து, காற்றடித்து, என்னிடம் காட்டினார். "வாத்தியாரையா, முதல் ஒட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டாவது ஒட்டு இருக்கிறது, பாருங்கள்" என்றார். பின்னர் ஒரு பழந்துணியை டயரின் உட்புறமாகச் சுற்றி இழுத்தார். ஓரிடத்தில் துணி சிக்கிற்று. அரிசியைவிடச் சிறிய ஒரு முள்முனை அங்கே ஒடிந்து நின்றது. முதல் பஞ்சரை ஒட்டியவர் அதைத் தேடி எடுக்கவில்லை. இரண்டாவது பஞ்சர் அதனால் வந்ததே. மூன்றாவது பஞ்சரில் இரண்டு துளைகள், பாம்பு கடித்ததுபோல அருகருகே இருந்தன. "இது முள் இல்லை. காற்றுக் குறைந்த டயர் பள்ளத்தில் விழுந்தால், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இப்படித்தான் கடிபடும்" என்றார்.

"காற்றுக் குறைந்தது எனக்குத் தெரியவே இல்லையே, அண்ணாச்சி" என்றாள் என் மருமகள்.

"எப்படித் தெரியும், தாயி? சாதாரண சைக்கிளில் காற்றுக் குறைந்தால் கால் சொல்லிவிடும். இதில் மோட்டார் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது" என்றார் அவர்.

நாற்பது ஆண்டு பௌதிகம் கற்பித்த எனக்குத் தோன்றாத உண்மை அது. மோட்டார் நம் உழைப்பைக் குறைக்கிறது. அத்தோடு வண்டியின் குறையையும் நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. மூன்று பஞ்சர்களில் ஒன்றுதான் முள்ளின் குற்றம். மற்ற இரண்டும் கவனக் குறைவின் குற்றம். காற்றில்லா டயரைப் போட்டிருந்தால் அந்தக் கவனக் குறைவுக்காக அவள் நாள்தோறும் பாட்டரியாலும் முதுகாலும் அபராதம் செலுத்தியிருப்பாள். செலுத்துவதை உணர்ந்திருக்கவும் மாட்டாள்.

ஆகவே காற்றையே வைத்துக்கொண்டோம். ஆனால் முன்போல அன்று. ஓடும் பரப்பின் கீழே தடித்த ரப்பர்ப் பட்டை வைத்த டயரை வாங்கினோம். டியூபுக்குள் அடைப்புத் திரவம் ஊற்றினோம். சிறு துளை விழுந்தால் வெளியேறும் காற்றோடு அத்திரவம் சென்று துளையை அடைத்துவிடும். பெரிய கிழிசலுக்கு அது உதவாது. ஞாயிறுதோறும் அளவுமானி வைத்துக் காற்றைப் பார்ப்பது என்று வழக்கப்படுத்தினோம். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, மோட்டார்ச் சக்கரத்தைக் கழற்றாமலே, டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டுப் போட அவள் அந்தக் கடையிலேயே கற்றுக்கொண்டாள். ஒரு மாலை, வீட்டு முற்றத்தில் தந்தை கைவிளக்கைப் பிடித்து நிற்க, அதை அவள் செய்து காட்டினாள். இருபது நிமிடம் ஆயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியவர் அவரே.

காற்றில்லா டயர் பயனற்றது என்று நான் சொன்னதாக எண்ணிவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டில் ஷாங்காய் நகரில் மோபைக் என்ற வாடகைச் சைக்கிள்கள் அத்தகைய டயரோடுதான் தெருவுக்கு வந்தன. பலர் ஓட்டும் வண்டிக்குக் காற்றடிக்க யாருக்கு அக்கறை இருக்கும்? 1971-இல் சந்திரனில் ஓடிய ஊர்திக்குச் சக்கரத்தில் காற்று இல்லை. எஃகுக் கம்பி வலையே இருந்தது. அங்கே ஒட்டுப் போடக் கடை ஏது? நகருக்குள் இரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போய்வருகிறவர்க்கும், தாமே பழுது பார்க்க இயலாத முதியவர்க்கும் அதுவே ஏற்றது.

நண்பர்களே, இரண்டு பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரும்போது, எது சிறந்தது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இதன் குறை எப்போது வெளிப்படும், அதை யார் தாங்க வேண்டும் என்றும் கேளுங்கள். காற்று டயரின் குறை என்றோ ஒருநாள் எல்லோருக்கும் தெரியும்படி வெளிப்படுகிறது. கற்றுக்கொண்ட கைக்கு அது இருபது நிமிட வேலை. மற்றதன் குறை ஒவ்வோர் அடியிலும் மறைந்தே உடன் வருகிறது.

அந்த ஐப்பசிக்குப் பின் சித்திரை வரையில் அவளுக்கு ஒரே ஒரு முறை பஞ்சர் ஆயிற்று. அன்றும் இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தாள்.