யாரும் முதலில் எடுக்க விரும்பாத சீட்டு



சேர்வராயன் மலையில் சீட்டு என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்கள் 20 பேர் மாதம் 500 ரூபாய் போட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருத்தி கையில் 10,000 ரூபாய். ஒரு வீட்டில் அது கூரைக்கு ஓடாகும், இன்னொரு வீட்டில் கல்லூரிக் கட்டணமாகும். இன்று பட்டம் வாங்க இந்த மேடையேறும் பிள்ளைகளில் சிலருடைய முதல் பருவக் கட்டணமே அப்படி எடுத்த சீட்டுப் பணமாக இருந்திருக்கலாம்.

இன்னொரு வகைச் சீட்டு உண்டு. எல்லாரும் பணம் போடுவார்கள். முதலில் எடுக்க மட்டும் ஒருவருக்கும் மனம் வராது. எடுக்கிற வீட்டில் சாவு விழுந்திருக்கும். ஆயுள் காப்பீடு அதுதான். பணம் போட்டவர்களே அதற்குச் சொந்தக்காரர்களாகவும் இருந்து, வெளியிலிருந்து ஒரு முதலாளி இல்லாமல் நடந்தால் அதற்குப் பரஸ்பர நிறுவனம் என்று பெயர். மிஞ்சுகிற பணம் போனஸாகப் போட்டவர்களுக்கே திரும்பும்.

இந்த ஏற்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் லண்டனில் ஒரு கணக்கு வாத்தியார், ஜேம்ஸ் டாட்சன். அங்கே 1706-இலிருந்து நடந்துவந்த அமிக்கபிள் என்ற ஆயுள் காப்பீட்டுச் சங்கத்தில் சேரப் போனார். 45 வயதைத் தாண்டியவரைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து, எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டார். வயதுக்குத் தக்கபடி பிரீமியம் வாங்கினால் வயதானவரையும் சேர்க்கலாம், சங்கமும் முழுகாது என்று கணக்கில் காட்டினார். 1757-இல் காலமானார். அந்தக் கணக்கை அடித்தளமாக வைத்து அவரைப் பின்பற்றியவர்கள் 1762-இல் தொடங்கியதுதான் ஈக்விட்டபிள். டாட்சன் அதைப் பார்க்கவில்லை.

இந்தியாவில் தடை வயதால் வரவில்லை, பிறப்பால் வந்தது. கல்கத்தாவில் 1818-இல் ஓரியண்டல், சென்னையில் 1829-இல் மெட்ராஸ் ஈக்விட்டபிள் என்று கம்பெனிகள் வந்தன. அவை ஐரோப்பியர்களுக்காக வந்தவை. பிறகு இந்தியர்களைச் சேர்த்தபோதும், இந்திய உயிர் சீக்கிரம் போய்விடும் என்று சொல்லிக் கூடுதல் பிரீமியம் வாங்கினார்கள். ஒரே அலுவலகம், ஒரே வயது. வெள்ளைக்கார குமாஸ்தாவுக்கு ஒரு விலை, பக்கத்து மேசைக்காரருக்கு இன்னொரு விலை. 1870-இல் பம்பாயில் தொடங்கிய பாம்பே மியூச்சுவல் லைஃப் அஷ்யூரன்ஸ் சொசைட்டி அந்தக் கூடுதலை நீக்கி, இந்தியர்களுக்கும் சாதாரண விலையிலேயே பாலிசி கொடுத்தது. அது ஒரு பரஸ்பரச் சங்கம். இந்த நாட்டு ஆயுள் காப்பீட்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் சொல்வது கடினம். 1884-இல் தபால் துறை தன் ஊழியர்களுக்குக் காப்பீடு தொடங்கியது. பெண்களை எந்தக் கம்பெனியும் சேர்க்காத அந்தக் காலத்தில், 1894-இல் தபால் தந்தித் துறைப் பெண் ஊழியர்களையும் அது சேர்த்துக்கொண்டது. அதே திட்டம் கிராமத்து மக்களுக்குத் திறக்க 1995 வரை ஆயிற்று. ஏற்காடு மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு அது மிக நீண்ட காத்திருப்பு.

இப்படிச் சேர்ந்த பணத்துக்குத் தலைமை ஏற்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் சொல்லத்தக்கது. விஸ்கான்சினில் 1857-இல் தொடங்கிய நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் என்ற பரஸ்பரச் சங்கத்துக்கு அப்போது இரண்டு வயது. 1859-இல் ஒரு ரயில் மாட்டின் மீது மோதித் தடம்புரண்டது. வளைவில் காட்டெருமை குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்று இந்த மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இறந்தவர்களில் இருவர் அந்தச் சங்கத்தின் பாலிசிதாரர்கள். கொடுக்க வேண்டியது 3,500 டாலர். கையிருப்பு 2,000 டாலர். தலைவர் சாமுவேல் டாகெட்டும் உடனிருந்த நிர்வாகிகளும் தங்கள் பொறுப்பில் கடன் வாங்கி இரண்டு குடும்பங்களுக்கும் உடனே பணத்தைக் கொடுத்தார்கள். நிதி சேரட்டும், பார்க்கலாம் என்று அந்த வீடுகளுக்குக் கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அதே பொறுப்பில் இருந்து வேறு மாதிரி நடந்துகொண்டவர்களும் உண்டு. பாலிசிதாரர் இன்று போடும் பணத்துக்குக் கணக்குக் கேட்க வருவது இருபது, முப்பது வருடம் கழித்துத்தான். அதற்குள் அந்தப் பணம் பெட்டியில் கனத்துக்கொண்டே போகும். பெட்டிச்சாவி வைத்திருப்பவருக்கு அது தன் பணம் போலவே தோன்ற ஆரம்பிக்கும். 1955-க்கு முந்தைய பத்தாண்டுகளில் இந்தியாவில் 25 ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் மூடப்பட்டன. இன்னொரு 25, பாலிசிதாரர்களுக்கு நஷ்டத்தோடு வேறு கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பாரத் இன்சூரன்ஸின் பணம் முதலாளியின் சொந்த வியாபாரத்துக்குப் போன கதையை 1955 டிசம்பரில் மக்களவை உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் விரித்து வைத்தார். அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19 அன்று, நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் நாட்டுடைமை அறிவிப்பைச் சொன்னார். 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 பிராவிடண்ட் சங்கங்கள் எல்லாம் ஒன்றாகி, செப்டம்பர் 1-இல் எல்.ஐ.சி. பிறந்தது.

முதலாளியே இல்லாத பாம்பே மியூச்சுவலும் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோனது. குற்றம் முதலாளிகளுடையது, 86 வயதான சங்கமும் சேர்ந்து மறைந்தது. நாட்டுடைமை தேவைதான் என்று நினைப்பவர்களும் இதற்காக வருந்தலாம். ஆனால் சங்கத்தின் உயிர் புதிய சட்டத்துக்குள் புகுந்துகொண்டது. உபரியில் குறைந்தது 95 சதவீதம் பாலிசிதாரர்களுக்கே போக வேண்டும் என்று எல்.ஐ.சி. சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொன்னது. வாக்களித்த தொகைக்கு அரசே உத்தரவாதம் என்றது 37-ஆம் பிரிவு.

சட்டம் எழுதியதோடு வேலை முடியவில்லை. அடுத்த வருடமே, 1957-இல், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் எல்.ஐ.சி.யின் பணம் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் போடப்பட்டது. மறுபடியும் எழுந்து கேட்டவர் ஃபெரோஸ் காந்தி, அதுவும் பிரதமராக இருந்த தன் மாமனாரின் அரசை. நீதிபதி சாக்ளா ஜனங்கள் பார்க்க வெளிப்படையாக விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பணம் யாரோ முகம் தெரியாத லட்சம் பேருடையது என்பதால் கேட்க ஆளில்லை என்று நினைத்தவர்களுக்கு அந்த விசாரணை பதில் சொல்லியது.

டாட்சனின் ஈக்விட்டபிளின் முடிவும் தெரிய வேண்டியது. வட்டி உயர்ந்திருந்த நாட்களில், ஓய்வூதியம் இவ்வளவு நிச்சயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வட்டி விழுந்ததும் வேறு வழியில் குறைக்கப் பார்த்தார்கள். 2000-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அது செல்லாது என்றது. அந்த டிசம்பரில், 238 வருடம் நடந்த நிறுவனம் புதிய பாலிசி எழுதுவதை நிறுத்தியது. அங்கே யாரும் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. நல்ல வருடங்களில் தாராளமாக வாக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இந்த மலையில் காப்பி பயிரிடுகிறவர்கள் விலை ஏறிய வருடத்தை நம்பிக் கடன் வாங்குவதில்லை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியையும் ஏற்றி வைக்கிறார்கள். லண்டன் இயக்குநர்களுக்கு அந்த நிதானம் இல்லாமல் போனது.

2022 மே மாதம் எல்.ஐ.சி.யின் 3.5 சதவீதப் பங்கு சந்தைக்கு வந்தது. அதையொட்டி, லாபத்தில் பங்குள்ள பாலிசிகளின் உபரியில் பாலிசிதாரர் பங்கு 95-இலிருந்து படிப்படியாக 90 சதவீதமானது. ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும். அந்த ஐந்து யாருடையதாக இருந்தது என்பதை, அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளாவது மறக்காமல் இருக்க வேண்டும்.

சென்னையில் உயர்நீதிமன்றத்துக்கு அருகே, என்.எஸ்.சி. போஸ் சாலையில் பாம்பே மியூச்சுவல் கட்டடம் அதே பெயரோடு இன்னும் நிற்கிறது. 1955-இல் 20 வயதில் அந்தச் சங்கத்தில் முழு ஆயுள் பாலிசி எடுத்த ஒருவர் இப்போது இருந்தால் 90 வயதாவது இருக்கும். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரி இல்லை, இயக்குநர்கள் இல்லை, சங்கமும் இல்லை. ஒரு நாள் அவருடைய பேத்தி அந்தப் பழுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு எல்.ஐ.சி. கிளைக்கு வருவாள். கவுன்டருக்கு அந்தப் பக்கம், இன்று மாலை 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்குப் போகும் இந்தப் பட்டதாரிகளில் ஒருவர் உட்கார்ந்திருக்கக்கூடும்.